நர்ஸுக்கு எதுக்கு பிஎச்டி?

போன தை மாசம் சின்னாளபட்டியில் ஒரு விசேஷ வீடு. பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் பெரியம்மா, அந்தப் பக்கம் அக்கா. (பெரியம்மா பொண்ணு. கூடப் பிறந்தவள் மாதிரிதான்.) அக்கா எம்.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கிறாள். பிஎச்டிக்குப் பதிவு செய்யப் போகிறேன் என்று அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா ஒருத்தர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: "நர்ஸுக்கு எதுக்குத்தா பிஎச்டி? பேருக்கு முன்னாடி டாக்டருன்னு போட்டுக்கிட்டா, ஊசி போடச் சொல்லி வீட்டு வாசல்ல வந்து நிப்பாய்ங்க, பாத்துக்க!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்கா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பெரியம்மாதான் ரசத்துக்குக் கை நீட்டியபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "முப்பத்தாறு வருசம் நோட்டு நோட்டா எழுதிக் குடுத்தேன். அதையெல்லாம் யாரு படிச்சா, என்னத்தக் கண்டுபிடிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒருத்தரும் சொல்லல."

பெரியம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊர்க்காரர்களுக்கு 'நர்ஸம்மா'. ஆத்தூர் ஒன்றியத்துத் துணை சுகாதார நிலையங்களிலேயே சர்வீஸில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. (சேலம் ஆத்தூர் இல்லீங்க, காமராஜர் அணை இருக்கிற எங்க ஆத்தூர்.) அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. பெங்களூர் திரும்பியதும் வார இறுதிகளில் கோடு தட்டுவதை விட்டுவிட்டு சரித்திரம் தோண்ட ஆரம்பித்தேன். நான் டாக்டரும் இல்லை, சரித்திர ஆசிரியனும் இல்லை. ஆனால் இந்த ஒன்றியத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

முதலில் ஒரு ஆச்சரியம். கைவிளக்கேந்திய காரிகை என்று நமக்குப் பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டினார்களே, அந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கை விட அதிக நேரம் கையில் வைத்திருந்தது பேனாவைத்தான். கிரிமியப் போரில் சிப்பாய்கள் குண்டடி பட்டுச் செத்ததை விட ஆஸ்பத்திரி அசுத்தத்தில் நோய் வந்து செத்ததுதான் அதிகம் என்பதை 1858-ல் வரைபடம் போட்டுக் காட்டினார். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். இதுவாவது பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதது அடுத்தது. 1860-களில் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிரசவ வார்டு ஆரம்பித்திருக்கிறார். பிரசவ ஜன்னியில் தாய்மார்கள் செத்துப்போனதால் 1867-ல் அதை மூட வேண்டியதாயிற்று. வேறு யாராக இருந்தாலும் அந்தத் தோல்வியை மூடி மறைத்திருப்பார்கள். இந்த அம்மா, எங்கெங்கே எத்தனை பிரசவம், எத்தனை சாவு என்று ஊர் ஊராகக் கணக்குக் கேட்டு வாங்கி, 1871-ல் ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார். வீட்டில் பெற்ற பெண்களை விட அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் பெற்ற பெண்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள் என்று அதில் வந்தது. கணக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, ஒப்பிடவே முடியவில்லை என்கிற புலம்பலும் அதில் உண்டு. (டேட்டா க்ளீனிங் செய்து நொந்துபோனவர்கள் கையைத் தூக்கவும்.) அந்தப் புத்தகத்தை அவர் யாருக்குச் சமர்ப்பணம் செய்தார் தெரியுமா? சாக்ரடீஸின் அம்மாவுக்கு. ஏனென்றால் அந்த அம்மா ஒரு மருத்துவச்சி.

ஆக, பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு நர்ஸ் கேள்வி கேட்டு, தரவு சேர்த்து, முடிவு எழுதியது 1871-லேயே நடந்துவிட்டது. அதே 1871-ல்தான் நம்ம சென்னை பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்கள். மருத்துவச்சிப் பயிற்சி அதற்கும் முன்னாலேயே, 1854-ல் சென்னையில் தொடங்கிவிட்டது. எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி 1844-லிருந்து இருக்கிறது. ஆனால் இங்கே கற்றுக்கொடுத்தது கையால் செய்கிற வேலையை மட்டும். கேள்வி கேட்கிற வேலை பாடத்திட்டத்தில் இல்லை.

இப்ப நேரா காந்திகிராமத்துக்கு வந்துடலாம். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும்போது ரயிலில் அம்பாத்துரைப் பக்கம் மலையும் மரமுமாகத் தெரியுமே, அதே இடம்தான்.

காந்திகிராமத்தை உண்டாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மாவைப் பற்றி எங்கள் பக்கம் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும், யாருக்கும் முழுசாகத் தெரியாது. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள், 1904-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம். கணவர் டாக்டர், இளவயதிலேயே இறந்துவிட்டார். இவ்வளவு பணக்கார வீட்டில், அவ்வளவு ஆசாரமான குடும்பத்தில், விதவைப் பெண் ஒருத்தி என்ன செய்வாள்? இவர் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படித்து 1936-ல் டாக்டர் ஆனார். அங்கேதான் சுசீலா நய்யார் பழக்கம், அவர் வழியாகக் காந்தி. 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். அவர் கேரளக்காரர், வேறு சாதி. வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கஸ்தூரிபா 1944-ல் சிறையில் இறந்த பிறகு அவர் பெயரில் ஒரு நிதி திரட்டினார்கள். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான் அந்தப் பணம் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் அந்த அறக்கட்டளையின் பிரதிநிதி சௌந்தரம். கிராம சேவகிகளையும் மருத்துவச்சிகளையும் பயிற்றுவிக்கிற வேலை அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. 1947 அக்டோபரில் சின்னாளபட்டி மக்கள் கொடுத்த நிலத்தில் காந்திகிராமம். சின்ன கிளினிக்காகத் தொடங்கியதுதான் பிறகு கஸ்தூரிபா மருத்துவமனை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பிரசவம் அங்கே நடந்திருக்கிறது, அடியேன் உட்பட. :-)

அந்தச் சமயத்து நிலைமையைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு அறிக்கை போதும். 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை. (சண்டை போர் இல்லை, ஜோசப் போர் என்பது தலைவர் பெயர்.) 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அதில் வருகிறது. வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் பிள்ளைப்பேற்றில் செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரை விட நர்ஸ் குறைவாக இருந்த தேசம் இது. அதனால்தான் 1950-களில் துணை செவிலியர், அதாவது ஏ.என்.எம். என்கிற இரண்டு வருஷப் படிப்பைக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் வேணும், நிறைய வேணும், கிராமத்துக்குப் போகணும். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. தப்பு சொல்ல முடியாது. ஆனால் அவசரத்துக்குப் போட்ட கொட்டகைதான் அப்புறம் வீடாகிவிடும் என்பது நம்ம ஊர் அனுபவம்.

சௌந்தரம் 1952-ல் ஆத்தூர் எம்.எல்.ஏ., 1957-ல் வேடசந்தூர், 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்தியில் கல்வித் துணை அமைச்சர் என்று போனது தனிக் கதை. நமக்கு வேண்டியது 1959. அந்த வருஷம் காந்திகிராமத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அமெரிக்க ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவி. களம் ஆத்தூர் ஒன்றியம், ஏறத்தாழ ஒரு லட்சம் ஜனம். 1964-ல் அதுவே கிராம சுகாதார, குடும்ப நலப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டை மிரட்டாமல், ஊருக்குள் இருக்கிற ஆண் தலைவர்கள் பெண் தலைவர்கள் மூலமாகவே பேசிப் பேசிக் கொண்டுபோக முடியுமா என்பதுதான் சோதனை. 1959-ல் ஆயிரத்துக்கு 40-க்கு மேல் இருந்த பிறப்பு விகிதம் பத்து வருஷத்துக்குள் 30-க்குக் கீழே வந்துவிட்டது. 'ஆத்தூர் அனுபவம்' என்ற பெயரிலேயே டாக்டர் பிஷாரட்டி முதலானோர் எழுதி, வெளிநாடு வரைக்கும் பேசப்பட்டது. மக்கள்தொகை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இன்றைக்கும் எங்க ஆத்தூர் தெரியும். எங்க ஆத்தூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது!

சரி, அந்த விகிதம் எப்படி வந்தது? யாரோ வீடு வீடாகப் போய், யாருக்கு எத்தனை பிள்ளை, யார் முழுகாம இருக்கா, யாருக்குப் பிறந்து செத்தது என்று கேட்டு எழுதினால்தானே விகிதம்? வெயிலில் நடந்து, நாய்க்கடி வாங்கி, மாமியார்களிடம் வசவு வாங்கி எழுதியவர்கள், அறிக்கைகளில் 'களப்பணியாளர்கள்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுவார்கள்.

பெரியம்மா வேலைக்குச் சேர்ந்தது இதெல்லாம் முடிந்து இருபது வருஷம் கழித்து. 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு' என்று ஒரு தடி நோட்டு. வீட்டு எண், கணவன் பெயர், மனைவி பெயர், வயசு, உயிரோடு இருக்கும் குழந்தைகள், கடைசிக் குழந்தையின் வயசு, ஆபரேஷன் ஆச்சா இல்லையா. அப்போது டார்கெட் உண்டு. மாசத்துக்கு இத்தனை 'கேஸ்' கொண்டுவரணும், இல்லாவிட்டால் மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைப்பார்கள். 1996 ஏப்ரலில் இந்த டார்கெட் முறையை நாடு முழுக்க எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். "காகிதத்துல எடுத்தாய்ங்க, வாயில எடுக்க இன்னும் சில வருசம் ஆச்சு" என்பது பெரியம்மாவின் விமர்சனம்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால், டேபிளில் காலம் இல்லாத விஷயம் டேட்டாபேஸைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. ஆபரேஷன் நடந்த தேதிக்குக் காலம் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்பதற்குக் காலம் கிடையாது. அப்போ காலங்களை யார் முடிவு செய்வது? கேள்வியை வைத்திருப்பவர். அதாவது, ஆராய்ச்சியாளர். அந்த நாற்காலியில் நர்ஸ் உட்கார என்ன வழி என்பதுதான் மிச்சக் கதை.

அமெரிக்காவிலும் இது லேசில் நடக்கவில்லை. 1920-கள், 30-களில் நர்ஸுகள் டாக்டர் பட்டம் வாங்கினால் அது பெரும்பாலும் கல்வியியல் துறை மூலமாகத்தான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1954-ல் நர்சிங்கிலேயே ஒரு பிஎச்டி ஆரம்பித்தது. அது எந்தப் பிரிவில் என்று நினைக்கிறீர்கள்? தாய் சேய் நலப் பிரிவில். அப்புறம் 1962-ல் அமெரிக்க அரசு 'செவிலிய விஞ்ஞானி' பயிற்சிக்கென்றே பணம் ஒதுக்கியது. நர்ஸுகள் போய் உயிரியல், சமூகவியல், மானுடவியல் துறைகளில் பிஎச்டி செய்துவிட்டு, திரும்பி வந்து நர்சிங் கேள்விகளைக் கேட்கட்டும் என்பது யோசனை. 1986-ல் அவர்களுடைய தேசிய சுகாதார நிறுவனத்துக்குள்ளேயே நர்சிங் ஆராய்ச்சிக்குத் தனி மையம் வந்தது. 1993-ல் அது முழு நிறுவனமானது.

வருஷங்களைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிட்ஸ்பர்க் 1954, ஆத்தூர் 1959, செவிலிய விஞ்ஞானி நிதி 1962, காந்திகிராம நிறுவனம் 1964. அமெரிக்காவிலிருந்து காந்திகிராமத்துக்குப் பணம் வந்தது, மக்கள்தொகைக் கணக்குப் போடும் முறைகள் வந்தன. அதே சமயத்தில் அதே அமெரிக்காவில் சூடு பிடித்துக்கொண்டிருந்த இந்த ஒரு யோசனை மட்டும் கப்பல் ஏறவில்லை. நர்ஸ் தரவு சேகரிப்பாள் என்பது வரைக்கும்தான் வந்தது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இங்கே ஏணியின் கீழ்ப்படிகளே அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடரம்மா ஆஸ்பத்திரியில் 1909-லேயே நர்சிங் பள்ளி உண்டு. ஆனால் பி.எஸ்ஸி. நர்சிங் என்ற பட்டப் படிப்பு வேலூரிலும் டில்லியிலும் வந்தது 1946-ல்தான். எம்.எஸ்ஸி. டில்லியில் 1960 வாக்கில், வேலூரில் 60-களின் கடைசியில். எம்.பில். டில்லியில் 1986. பிஎச்டி 90-களில் அங்கொன்று இங்கொன்று. இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூர் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகம், உலக சுகாதார நிறுவனம் மூன்றும் சேர்ந்து பிஎச்டிக்கென்று ஒரு தேசியக் கூட்டமைப்பை உண்டாக்கியது 2005-ல். வேலூர் அதில் ஒரு படிப்பு மையம். நம்ம எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் நர்சிங்கில் பிஎச்டி செய்யலாம். சென்னையில் மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கிய 1854-லிருந்து எண்ணினால் அந்த 2005-க்கு 151 வருஷம்.

இந்த இடத்தில் மாமாவின் கேள்வி நியாயமாகவே எழும். சரிப்பா, டாக்டர்கள்தான் ஆராய்ச்சி செய்கிறார்களே, நர்ஸ் வேறு எதற்கு?

டாக்டர்கள் செய்ததில் மிக நல்லவை உண்டு. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமத்துப் பெண்கள் 650 பேரைப் பரிசோதித்து 1989-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய்க் கோளாறு. அதற்கு முன் என்றைக்காவது பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 சதவீதம்! குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அத்தனை வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய ஒரு தேசம், அதே பெண்களிடம் "உனக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. வேலூர் பக்கம் கணியம்பாடியில் 359 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. பிள்ளை பெற்ற பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காசில்லாமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடு ஒத்துப்போகாமை, ஒத்தாசைக்கு ஆளில்லாமை. காரணப் பட்டியலைப் படித்துவிட்டு பெரியம்மாவுக்கு போனில் சொன்னேன். "இதுக்கு ஆராய்ச்சி பண்ணாங்களாக்கும்? என்னைக் கேட்டா அன்னைக்கே சொல்லிருப்பேனே" என்றார்.

அதேதான் விஷயம். தெரியும், ஆனால் நிரூபிக்கத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா சொல்லித்தான் இந்தப் பயிற்சியில் என்ன நடக்கும் என்று எனக்குப் புரிந்தது. முதலில் ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும். அப்புறம் கேள்வித்தாள். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழாக்கி, அதை இன்னொருவர் பார்க்காமல் திரும்ப இங்கிலீஷாக்கி, இரண்டும் பொருந்துகிறதா பார்க்கணும். அதுக்குள்ள உயிர் போயிடும் என்கிறாள். மனச்சோர்வு என்று கேட்டால் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் புரியாது. "மனசே சரியில்ல", "நெஞ்சு பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பில்ல" இந்த மூன்றும் ஒன்றா, வேறு வேறா? "உடம்பு சூடு" என்றால் காய்ச்சலா, வெள்ளைப்படுதலா, நீர்க்கடுப்பா? கட்டிலுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றவளுக்கு இது சட்டென்று பிடிபடும். அதை அளக்கக்கூடிய கருவியாக மாற்றுவதற்குத்தான் படிப்பு. கடைசியில் நெறிமுறைக் குழு. யாரை என்ன கேட்கலாம், பெயரை எப்படி மறைப்பது, "வேண்டாம்" என்று சொல்கிற உரிமை அவளுக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று குடைந்து எடுப்பார்கள்.

அக்கா முதலில் எடுக்க நினைத்த தலைப்பு மில் பெண்கள். திண்டுக்கல்லைச் சுற்றி, வேடசந்தூர்ப் பக்கமெல்லாம் நூல் மில்கள் எத்தனை என்று இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலை மில் வேனில் தூங்கி வழிந்தபடி போகிற பெண்களைப் பார்க்காமல் நீங்கள் நாலுவழிச் சாலையில் போகவே முடியாது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்கு, பெயர்கூட இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலை வாங்குகிறார்கள் என்று 2019-ல் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை விசாரித்து எழுதியது. நூல் மில்லில் ஷிஃப்ட் மாறி மாறி நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம் என்று அக்கா ஒரு மில்லுக்குக் கடிதம் கொண்டுபோனாள். கேட்டிலேயே, "ஹெல்த் கேம்ப்னா வாங்க மேடம், பிரஷர் சுகர் பாருங்க. கேள்வியெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கைடு, ஐந்து வருஷத்தில் முடியக்கூடிய தலைப்பாகப் பார் என்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் அவள் கொஞ்சம் அழுதாள் என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

புதுத் தலைப்பு பரணில் இருந்து வந்தது. நிஜமாகவே பரண்தான்.

பெரியம்மா அரசாங்கப் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் ரிட்டையர் ஆனார். ஆனால் அது கூடவே எழுதி வந்த சொந்த நோட்டுகள் பதினொன்று, ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தன. அரை குயர் கோடு போட்ட நோட்டு. பதிவேட்டில் எழுத இடமில்லாததை எழுதி வைத்திருக்கிறார். "இரும்பு மாத்திரையைக் கோழிக்கு வைத்துவிட்டாள். புள்ள கருப்பாப் பொறக்குமாம்." "கர்ப்பப்பை கீழே இறங்கி எட்டு வருசம். புருசனுக்கே தெரியாது." "மூணாவதும் பொட்டைப்புள்ள. நான் போனப்ப பேசல." இப்படிப் பக்கம் பக்கமாக. இதற்கு நடுவில் ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. "ஆபரேஷன் பண்ணதுல இருந்து இடுப்பு வலி." ஒரு மாசத்தில் 4 பேர், இன்னொரு மாசத்தில் 7 பேர். ஓரத்தில் பென்சிலில், "டாக்டரம்மாவிடம் கேட்டேன். சம்பந்தமில்லை என்றார்."

சம்பந்தம் இல்லாமல்கூட இருக்கலாம். இருபத்துமூணு இருபத்துநாலு வயசில் ஆபரேஷன் ஆன கையோடு, ஓய்வில்லாமல் களை எடுக்கவும் செங்கல் சுமக்கவும் போனதால் வந்த வலியாக இருக்கலாம். ரத்தசோகையாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மனசு சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். அதே கணக்கெடுப்பின்படி இங்கே கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆனவர்கள். இத்தனை பேர் உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு கேள்விக்கு "சம்பந்தமில்லை" என்பது பதிலாக இருக்கலாம், ஆனால் அதைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும் இல்லையா? அக்காவின் தலைப்பு அதுதான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட கிராமத்துப் பெண்களின் இடுப்பு வலி. எங்கே? வேறெங்கே, ஆத்தூர் ஒன்றியத்தில்தான்.

நோட்டில் நிஜப் பெயர்கள் இருப்பதால் அதைத் தரவாகப் பயன்படுத்த நெறிமுறைக் குழு விடாதாம். விடவும் கூடாது. கேள்வி எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெளிவாகத் தெரிந்துகொள்ளத்தான் அக்காவுக்கு அது. அதனால் பொங்கல் முடிந்து அடுத்த மாசம் ஊருக்குப் போனபோது எனக்கு வேலை வந்தது. எக்ஸெல்லில் ஏற்றணும். பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது. வருஷம், தோராயமான வயசு, என்ன சொன்னாள், அவ்வளவுதான்.

திண்ணையில் லேப்டாப்போடு நான், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசிக்கிற பெரியம்மா, கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிற அக்கா. சில பக்கங்களை வாசிக்கும்போது பெரியம்மா நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணின் முழுக் கதையையும் சொல்வார். அதையெல்லாம் நான் டைப் செய்யவில்லை. ஆறாவது நோட்டில் ஒரு வரி வந்தது: "வலி இருக்கு. என்னன்னு சொல்லல."

"இதை எப்படிப் போடறதுக்கா? காலியா விட்டுடவா?" என்றேன்.

"காலியா விட்டா கேக்கலன்னு அர்த்தமாயிரும்டா," என்றாள் அக்கா. "இது கேட்டு, அவ சொல்லாதது. அதுக்குத் தனியா ஒரு கோடு குடு."

99 என்று போட்டேன். பெரியம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.